எல்லாப் பெட்டியும் பச்சை

உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. அந்த நீளப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ச்சுக்குங்க, என் முட்டியில இடிக்குது. என்ன அது, தூண்டிலா? எர்த் ராடா! அட, அப்ப நீங்க லைன்மேன். கோரைத்திட்டுக்கா போறீங்க? இறால் பண்ணைக்கு கரண்ட் குடுக்கற கம்பெனியிலயா? நாளைக்கே டூட்டியா!

நல்லாப் போச்சு. நானும் அங்கதான் வர்றேன். பேரு என்ன சொன்னீங்க, மதியழகனா? எனக்கு போன வாரமே மேனேஜர் சொல்லிட்டார், மன்னார்குடிப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு வர்றாருன்னு. நீங்கதானா அது. ஒரே பஸ்ல, ஒரே சீட்டுல. இதுல ஒரு பொருத்தம் இருக்கு பாருங்க.

என் பேரு அறவாழி. டாக்டர் அறவாழி. ஊசி போடற டாக்டர் இல்ல, கணக்குல வாங்கின டாக்டர். எங்க கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு பேரு என்னைத் தனியாக் கூப்பிட்டு மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டாங்க. என் சம்சாரம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

கார் இருக்கு. ஓட்டறதில்ல. அதை விடுங்க, பஸ்தான் நிம்மதி. நாலு முகத்தைப் பாக்கலாம்.

நீங்க ஏறப் போற கம்பத்துல எல்லாம் ஒரு சாம்பல் கலர் பெட்டி இருக்கும். டிபன் பாக்ஸ் அளவுதான். அது என் பெட்டி. அதாவது பெட்டியைச் செஞ்சது வேற ஆளு, உள்ள ஓடற யோசனை என்னுது. பேப்பர்ல படிச்சிருப்பீங்களே? ம், படிச்சிருக்கீங்க. அதான் முகம் மாறுது. எல்லாருக்கும் மாறுது தம்பி, எனக்குப் பழகிப் போச்சு. ஆனா பேப்பர்காரன் எழுதினது பாதி. மீதியை நான் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க என் மேல என்ன தப்புன்னு. நீங்க வேற நாளைக்கு என்கூட வேலை பாக்கப் போறீங்க. மனசுல ஒண்ணை வைச்சுக்கிட்டு ஏறக் கூடாது பாருங்க.

கோரைத்திட்டுல நெல்லெல்லாம் போய் ரொம்ப நாளாச்சு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் இறால் குட்டைதான். குட்டைக்குக் குட்டை ஏரேட்டர், அதாவது சக்கரம் மாதிரி ஒண்ணு, தண்ணியை அடிச்சு அடிச்சு காத்தைக் கலந்துக்கிட்டே இருக்கும். அது நின்னுச்சுன்னா இறால் மூச்சு முட்டி மேல வந்து மிதக்கும். ஒரு வெள்ளாமை மொத்தமும் காலி. அதனால பண்ணைக்காரங்களுக்கு கரண்ட்டுன்னா உசுரு. கம்பெனி ஒரு சப்ஸ்டேஷன் போட்டு ரெண்டு லைன் இழுத்திருக்கு, வடக்கு லைன் ஒண்ணு, தெற்கு லைன் ஒண்ணு. அதுலேர்ந்து கிளை, கிளையிலேர்ந்து கிளை, கடைசியில பண்ணை.

இந்தப் பின்னல் மரம் மாதிரி இருக்கணும். எங்க பாஷையிலயும் அதுக்கு மரம்னுதான் பேரு. கிளை பிரியலாம், பிரிஞ்ச கிளை இன்னொரு கிளையோட போய் ஒட்டக் கூடாது. ஒட்டினா வளையம். உங்களுக்கு நான் சொல்லணுமா? வடக்கு லைனை அணைச்சுட்டு ஏறுவீங்க, தெற்குலேர்ந்து சுத்திக்கிட்டு கரண்ட் வந்து கையில நிக்கும். உங்க ஆளுங்க பாதிப் பேரு செத்தது அதுலதானே.

சரி, வளையம் இருக்கா இல்லையான்னு யாரு பாக்கறது? ஆபீஸ்ல வரைபடம் இருந்துச்சு. வரைபடத்துல எல்லாம் மரம்தான், அழகா இருக்கும், பிரேம் போட்டு மாட்டலாம். ஆனா சேத்துக்குள்ள, வரப்புக்குள்ள, எவன் எங்க வயரை இழுத்திருக்கான்னு வரைபடத்துக்குத் தெரியுமா? அங்கதான் நான் வர்றேன்.

இப்ப இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. கண்டக்டர் இல்லேன்னு வைச்சுக்குவோம். எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சான்னு தெரியணும். ஒவ்வொருத்தரும் தன் பக்கத்து ஆளை மட்டும் கேட்டாப் போதும். முழு பஸ்ஸையும் யாரும் பாக்க வேணாம், யாரும் பெரியவன் இல்ல, சின்னவன் இல்ல. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "இங்க சரியில்ல"ன்னு கை தூக்கினா வண்டி நிக்கும். யாருமே கை தூக்கலேன்னா வண்டி போகும். அவ்வளவுதான் என் யோசனை. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துக் கம்பத்துப் பெட்டிகிட்ட மட்டும் பேசும். ஒரு சேதியை அனுப்பும், அது அடுத்ததுக்குச் சொல்லும், அது அதுக்கடுத்ததுக்கு. அனுப்பின சேதி வேற பக்கமா சுத்திக்கிட்டு அனுப்பினவன்கிட்டயே வந்து நின்னா வளையம் இருக்குன்னு அர்த்தம். அந்தப் பெட்டி சிவப்பு காட்டும். ஒரு பெட்டி சிவப்புன்னா மொத்தமும் சிவப்பு. எல்லாப் பெட்டியும் "என் வரைக்கும் சரி"ன்னா பச்சை.

சேதி ரொம்ப தூரம் போகாது. கொஞ்சம் கம்பம் தாண்டினதும் நின்னுடும். ஏன்னா ஒவ்வொரு சேதியும் ஊரெல்லாம் சுத்திட்டு வர்றதுன்னா, பதில் வர்றதுக்குள்ள லைன்மேன் டீ குடிச்சுட்டு வீட்டுக்கே போயிடுவான். அதுக்குத்தான் தம்பி கணக்கு. லைன் நிஜமாவே கெட்டுப்போய்க் கிடந்தா, அங்கங்க நிறைய வளையம் விழுந்திருந்தா, எங்கயாவது ஒரு பெட்டி கிட்டத்துலயே ஒண்ணைப் பாத்தே தீரும். இது நான் வாயால சொல்றது இல்ல, நிரூபிச்சது. ஜெர்மனியில போய் வாசிச்சேன். முடிச்சதும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எங்க அப்பாகூட என் கையை அப்படிப் பிடிச்சதில்ல.

கோரைத்திட்டுல ரெஜினான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, கம்பெனி இன்ஜினியர். கெட்டிக்காரப் பொண்ணுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா வாய். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல தட்டோட வந்து உக்காந்துக்கிச்சு. "சார், கும்மி அடிக்கறவங்க கண்ணைக் கட்டிட்டு கை கோத்து நிக்கறாங்கன்னு வைங்க. ஒவ்வொருத்தருக்கும் தெரியறது இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. நிக்கறது வரிசையா வட்டமான்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" அப்படின்னுச்சு.

நான் சொன்னேன், சின்ன வட்டம்னா சேதி சுத்தி வந்துடும்மா, தெரிஞ்சுடும்.

"பெரிய வட்டம்னா?"

பெரிய வட்டம் ஒண்ணுதான் இருக்குன்னா அது கிட்டத்தட்ட மரம்தானேம்மா, ஒரு வயரை எடுத்துட்டா சரியாப் போச்சு, அதைப் பிடிக்கறேன்னு என் கணக்கு சொல்லவே இல்லையேன்னேன். அது சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே என்னை நிமிந்து பாத்துச்சு. "கம்பியில கரண்ட் இருக்கும், இல்ல இருக்காது. கிட்டத்தட்ட செத்த கம்பின்னு ஒண்ணு இருக்கா சார்?" அப்படின்னு கேட்டுச்சு.

எப்படிக் கேள்வி பாருங்க. பெரியவங்க முன்னாடி பேசற பேச்சா அது? சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டேன். அதுக்குப் பிறகு ஒரு மனு வேற எழுதிக் குடுத்துச்சு, ஆளு ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை மட்டும் சேதியை நிறுத்தாம முழுசா சுத்த விடுங்கன்னு. அரை மணி நேரம் ஆகும். வேலைக்கு வேலை அரை மணி நேரம் கூடுதலா லைனை அணைச்சு வைச்சா பண்ணைக்காரன் சும்மா விடுவானா? மேனேஜர் என்னைக் கேட்டார். அவசியமில்லைன்னேன். நிரூபிச்சது இருக்கறப்ப எதுக்கு அது?

மாசிலாமணியைப் பத்திச் சொல்லணும். அவர்தான் பேப்பர்ல வந்தவர். நல்ல மனுஷன் தம்பி, அதையும் சொல்லிடறேன். நெட்டையா, கறுப்பா, எப்பவும் வெத்திலை. கம்பத்துல ஏறினார்னா வீட்டு மாடிக்குப் போற மாதிரி போவார். அவர்கிட்ட ஒரு பழக்கம், கோரைத்திட்டு ஆளுங்க எல்லார்கிட்டயும் உண்டு, நீங்களும் நாளைக்குப் பாப்பீங்க. லைனை அணைச்சாச்சுன்னு லைன் கிளியர் வாங்கினப்புறம் எர்த் ராடைக் கம்பியில மாட்டி, அடியில மண்ணுல முளை அடிச்சு, எங்கேர்ந்தாவது கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள்ள இறங்கிடற மாதிரி பண்ணி, ஒரு ஆளு அந்த முளைகிட்ட நிப்பான். மேல ஏறறவரு கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுப்பார், "போச்சா?" கீழ நிக்கறவன் "போச்சு"ன்னு திருப்பிச் சொல்லணும். கரண்ட் போச்சான்னு கேக்கறது. அந்த "போச்சு" காதுல விழாம மாசிலாமணி தொட மாட்டார். ஒரு தடவை கீழ நின்னவன் பீடி பத்த வைச்சுக்கிட்டு பதில் சொல்லல, இவர் கம்பத்துலயே தொங்கிக்கிட்டு அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். தொடல.

எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அழகான வழக்கம். என் பெட்டிங்க பண்றதும் அதுதானே? பக்கத்துல இருக்கறவனைக் கேக்கறது, அவன் வாயால சொல்றதைக் கேட்டுக்கறது. நான் மாசிலாமணிகிட்ட சொன்னேன், "நீங்க பண்றதைத்தான்யா நான் பெட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்." அவர் சிரிச்சார். "பெட்டிக்கு வீட்டுல பொண்டாட்டி புள்ளை இருக்கா சார்?" அப்படின்னார். இந்த ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான்.

அன்னைக்குக் கடன் குடுக்கற பேங்க்லேர்ந்து பெரிய அதிகாரிங்க வந்திருந்தாங்க, பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க. நல்ல வெயில். பந்தல், இளநீர் எல்லாம் வைச்சிருந்தோம். அடைக்கலம்னு ஒரு பண்ணைக்காரர், அவர் குட்டை ஓரத்துக் கம்பத்துல கம்பியைத் தாங்கற பீங்கான் ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு, அதை மாத்தறதுதான் வேலை. வடக்கு லைனை அணைச்சாச்சு. நான் என் போனை எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். பெட்டிங்க பேசிக்கிட்டது ஒரு நிமிஷம்கூட இல்ல. மொத்தமும் பச்சை. பேங்க்காரர் ஒருத்தர் "பியூட்டிஃபுல்"னார்.

மாசிலாமணி ஏறினார். மேல போயி, பெல்ட்டை மாட்டிக்கிட்டு, அவர் பாணியில குரல் குடுத்தார். "போச்சா?"

கீழ நின்னது நான். பச்சையைப் பாத்தேன். எனக்கு ஒரே சந்தோஷம் தம்பி, உள்ளதைச் சொல்றேன். அத்தனை பேரு முன்னாடி, அந்த ஆளுங்களோட வழக்கத்துலயே, அவங்க வார்த்தையிலயே பதில் சொல்ற பாக்கியம். நானே சத்தமா சொன்னேன். "போச்சு!"

ஒரு சத்தம். பெரிசாக்கூட இல்ல. தேங்காய் விடலை போட்ட மாதிரி ஒரு தடவை. அண்ணாந்து பாத்தேன். அப்புறம் போனைப் பாத்தேன். பச்சைதான்.

அந்தப் பச்சை மாறவே இல்ல தம்பி. அவரைக் கீழ இறக்கறதுக்கு ஆளு வந்து, ஏணி வந்து, எல்லாம் முடியற வரைக்கும் நான் அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். எல்லாப் பெட்டியும் "என் வரைக்கும் சரி, என் வரைக்கும் சரி"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

கடலை சாப்பிடறீங்களா? வேதாரண்யத்துக் கடலை, உப்பு போட்டு வறுத்தது. வேணாமா. சரி, கையில வைச்சுக்குங்க.

அப்புறம் விசாரணை. அடைக்கலம் பண்ணையிலேர்ந்து பக்கத்துப் பண்ணைக்கு ஒரு வயர் ஓடுது, வாய்க்கால் ஓரமா, சேத்துக்குள்ள புதைச்சு. இவர் வடக்கு லைன், பக்கத்துக்காரர் தெற்கு லைன். ஒரு லைன் நின்னா இன்னொண்ணுலேர்ந்து ஏரேட்டர் ஓடட்டும்னு சொந்தக்காரங்க மாதிரி ரெண்டு பேரும் பேசி வைச்சுக்கிட்டது. அடைக்கலம் அழுதுட்டார். "ஒரே ஒரு வயர்தான் சார். போன வருஷம் ஒரே ராத்திரியில ஒரு குட்டை முழுக்க வெள்ளையா மிதந்துச்சு சார், அதைப் பாத்தவன் என்ன பண்ணுவான்?" அப்படின்னார். அந்த ஒரு வயரால வடக்கும் தெற்கும் ஒட்டிக்கிச்சு. வளையம் எவ்வளவு பெருசு தெரியுமா? சப்ஸ்டேஷன்லேர்ந்து புறப்பட்டு அத்தனை குட்டையையும் சுத்தி மறுபடி சப்ஸ்டேஷனுக்கே வருது. எந்தப் பெட்டியோட சேதியும் பாதி தூரம்கூடப் போயிருக்காது.

விசாரணைக்கு வந்தவங்க ஒவ்வொரு பெட்டியையும் இறக்கிச் சோதிச்சாங்க. ஒண்ணுலயும் கோளாறு இல்ல. அறிக்கையிலயே போட்டிருக்கு, பெட்டிகள் வடிவமைத்தபடியே இயங்கினன்னு. வேணும்னா நாளைக்குக் காட்டறேன். என் தேற்றத்துலயும் ஒரு வரி தப்பில்ல. நிறைய வளையம் இருந்தா பிடிக்கும்னேன். நிறைய இருந்துச்சா? ஒண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணை நான் எங்க பிடிக்கறேன்னு சொன்னேன்? இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லிட்டேன்! ஜெர்மனியில இருக்கறவனுக்குப் புரியுது, நாகப்பட்டினத்துல இருக்கறவனுக்குப் புரியல.

அந்தப் பெண்டு ஒரு நாள் ஆபீஸுக்கே வந்துடுச்சு. மாசிலாமணி சம்சாரம், செந்தாமரை. அழுவும், சமாதானம் சொல்லணும்னு நான் தயாரா இருந்தேன். அழல. நின்னுக்கிட்டே கேட்டுச்சு. "எந்தப் பெட்டி சார் பச்சை சொன்னுச்சு? அதை எனக்குக் காட்டுங்க."

எந்த ஒரு பெட்டியும் இல்லம்மா, எல்லாப் பெட்டியும் சேந்து சொல்றதுன்னேன். ஒவ்வொண்ணும் தன் பக்கத்தை மட்டும்தான் சொல்லும், அது தன் பக்கத்தைப் பொறுத்த வரைக்கும் உண்மைதான், ஒண்ணுகூடப் பொய் சொல்லலைன்னு பொறுமையா விளக்கினேன். நல்லாக் கேட்டுச்சு. தலையைக்கூட ஆட்டுச்சு. "ஒண்ணுகூடப் பொய் சொல்லல. அப்ப எங்க வீட்டுக்காருக்குப் போச்சுன்னு சொன்னது யாரு சார்?" அப்படின்னு கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துச்சு.

படிப்பில்லாதவங்க, துக்கத்துல இருக்காங்க. தண்ணி குடிம்மான்னேன். குடிக்காமப் போயிடுச்சு. நான் அந்த டம்ளரை நாள் பூரா மேசையிலேர்ந்து எடுக்கல, ஏன்னு தெரியல.

ரெஜினாவும் வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு. போறப்ப யார்கிட்டயும் சொல்லிக்கல. பழைய லைன்மேனுங்க வேற ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நான் வந்தா பேச்சை நிறுத்திடுவாங்க. நான் கீழ நின்னா எவனும் ஏற மாட்டேங்கறான். நேரடியா சொல்றதில்ல. ஒருத்தனுக்கு வயித்து வலி, ஒருத்தனுக்கு மாமியார் செத்துப் போச்சு. ஒரே ஆளுக்கு மாமியார் ரெண்டு தடவை செத்தாச்சு. அதனாலதான் மேனேஜர் சொன்னார், பழசுங்களோட மல்லுக்கட்ட வேணாம் சார், புதுசா ஒரு ஆளைப் போட்டுத் தொடங்கிடுவோம்னு. அதாவது நீங்க.

அவர் உங்ககிட்ட சொல்லலையா? நாளைக்குக் காலையில மறுபடி காட்டப் போறோம். அதே பேங்க். பெட்டி இப்ப கடலோரம் முழுக்கப் போட்டாச்சு, ஒரு தடவை நல்லபடியா நடத்திக் காட்டிட்டா அடுத்த ஜில்லாவுக்கும் குடுத்துடுவாங்க. கம்பம்கூட அதே கம்பம்தான், நான்தான் பிடிவாதமாச் சொன்னேன். பயந்துட்டோம்னு யாரும் நினைக்கக் கூடாது பாருங்க. நீங்க ஏறுங்க, நான் கீழ நிக்கறேன். நீங்க "போச்சா"ன்னு கேளுங்க, நான் சொல்றேன். அந்த வழக்கத்தை விட வேணாம்.

என்ன தம்பி, உங்க முகம் என்னமோ போல இருக்கு? அடைக்கலத்தோட வயரை அப்பவே பிடுங்கியாச்சு. இப்ப சுத்தமா மரம். எப்படித் தெரியுமாவா? பெட்டிதான் சொல்லுதே, தினமும் பச்சை. அன்னைக்கும் பச்சைதானேங்கறீங்களா? அன்னைக்கு ஒரு வயர் இருந்துச்சு தம்பி. இன்னைக்கு அது இல்லையே.

என்ன கேக்கறீங்க? பஸ் சத்தத்துல காதுல விழல. அன்னைக்கு மாசிலாமணி ராடு மாட்டினாரான்னா? முளை அடிச்சாங்களான்னா?

அது... எல்லாரும் வந்து நிக்கறாங்க தம்பி. பேங்க்காரங்க, டைரக்டரு. அவர் பாட்டுக்கு சைக்கிள்லேர்ந்து ராடை அவுக்கறார். நான் கிட்டப் போயி மெதுவாச் சொன்னேன், இன்னைக்கு ஒரு நாள் இது வேணாம்யா, பெட்டியை நாமளே நம்பாம ராடு போட்டா வந்தவங்க என்ன நினைப்பாங்கன்னு. "இது நம்பறது நம்பாதது இல்ல சார், பழக்கம்" அப்படின்னார். ஆனா குடுத்துட்டார். மரியாதை தெரிஞ்ச மனுஷன், பெரியவங்க கேட்டா மறுக்க மாட்டார். நான் வாங்கி என் கார் பின்சீட்டுல போட்டேன். வெயில்ல அவருக்கும் பளு குறைஞ்ச மாதிரி இருக்கும்னுதான்.

அது இன்னும் கார்லதான் கிடக்கு. எடுத்து யார்கிட்ட குடுக்கறது? செந்தாமரைகிட்டயா கொண்டுபோய்க் குடுக்க முடியும்? வண்டியைத் திருப்பறப்பல்லாம் பின்னாடி உருளும். வலது பக்கம் திருப்பினா இந்தக் கதவுல இடிக்கும், இடது பக்கம் திருப்பினா அந்தக் கதவுல. என் சம்சாரம் என்னங்க அதுன்னு ஒரு தடவை கேட்டுச்சு, அப்புறம் கேக்கறதில்ல. அதான் பஸ். பஸ்ல ஒரு தொந்தரவும் இல்ல.

வந்துட்டோம் பாருங்க, இதான் கோரைத்திட்டு. வாடை அடிக்குதா? இறால் தீவன வாடை, ரெண்டு நாள்ல பழகிடும். கண்டக்டர் என்ன சத்தம் போடறார்? மிக்ஸி ஓடாததால டீக்கடையில ஜூஸ் இல்லையாம். பேன் நின்னு கிடக்கு பாருங்க, கடைக்காரர் அட்டையை வைச்சு விசிறிக்கிட்டிருக்கார். கரண்ட் இல்ல. ஆமா ஆமா, எனக்கு மறந்தே போச்சு, அஞ்சு மணிக்கு வடக்கு லைனை நிறுத்தி ஒத்திகை பாக்கறதாச் சொன்னாங்க, நாளைக்கு வேலைக்காக. இந்தக் கடை, அந்தப் பக்கத்துக் குட்டை எல்லாம் வடக்கு லைன்தான். இருங்க, போனைப் பாக்கறேன். அணைச்சாச்சு. பெட்டிங்க பேசியாச்சு. பாருங்க தம்பி, உங்க கண்ணாலயே பாருங்க, எல்லாம் பச்சை. ஒண்ணுகூடச் சிவப்பு இல்ல.

எங்க காட்டறீங்க? அங்கயா? குட்டையில ஏரேட்டர் ஓடுது, ஆமா. தண்ணி தெறிக்குது, நானும் பாக்கறேன். அதுக்கென்ன? ஜெனரேட்டர் போட்டிருப்பாங்க. எல்லாப் பண்ணையிலயும் ஜெனரேட்டர் உண்டு.

சத்தம் கேக்கலையா? காத்து அந்தப் பக்கமா அடிக்குது தம்பி. புகை தெரியாது, இப்ப வர்ற மாடலெல்லாம் புகையே விடாது.

சரி, இறங்குவோம், பின்னாடி ஆளு நிக்கறாங்க. அந்தப் பையை இப்படிக் குடுங்க. நான் ஆபீஸ்ல வைச்சுப் பத்திரமாப் பாத்துக்கறேன், நாளைக்கு அது தேவைப்படாது, வீண் பளு. குடுங்க தம்பி. ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கறீங்க? பெரியவன் கேக்கறேன்ல, விடுங்க. பையை விடுங்க தம்பி.